இலவச கரண்டு ஊரில் மின் சிக்கனத் திட்டம்: எதைத் தொடுவது, எதை விடுவது?

களப்பணி:
வணக்கம். ஈரோடு, கரூர், திண்டுக்கல் மாவட்டங்களை ஒட்டிய வறண்ட பகுதிதான் எங்கள் தொண்டு நிறுவனத்தின் எல்லை. சுமார் 40 ஊர்கள். தூய மின்சாரம், மின் சிக்கனம் என்ற தலைப்பில் மூன்று வருட நிதி வந்திருக்கிறது. களத்துக்கு இரண்டு பேர், கையில் ஒரு டாங் டெஸ்டர். கமிட்டியில் பேசியிருப்பது நாலு வேலை: வீட்டுக்கு நாலு எல்இடி பல்பு, குறைந்த வாட்டில் ஓடும் பிஎல்டிசி ஃபேன், பழைய பம்ப்செட்டுக்குப் பதில் ஸ்டார் முத்திரை பம்ப், மாடி சோலாருக்கு வழிகாட்டல். எதை முதலில் எடுக்கலாம், எதை விட்டுவிடலாம்? அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து எண்களோடு சொல்லுங்கள்.

தணிக்கை24:
எல்இடியை இன்றைக்கே பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். மலிவு விலையில் எல்இடி பல்பு தரும் மத்திய அரசின் உஜாலா திட்டம் 2015 ஜனவரியில் வந்தது. குண்டு பல்பு எரிகிற வீட்டை இனி தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கொடுக்கிற நாலு பல்பும் பரணுக்குப் போகும், அறிக்கையில் மட்டும் "இத்தனை டன் கார்பன் குறைந்தது" என்று வரும்.

மற்ற மூன்றையும் பார்ப்பதற்கு முன் ஒரு கேள்வி. அந்த யூனிட்டுக்குப் பணம் கட்டுவது யார்? விவசாய பம்ப்செட்டுக்கு 1990 முதல் கட்டணமே இல்லை. விசைத்தறிக்கு 2023இலிருந்து இரண்டு மாதத்துக்கு 1000 யூனிட் இலவசம். வீட்டுக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம். இப்படிப்பட்ட இடத்தில் போய் "வருடம் 2000 யூனிட் மிச்சமாகும்" என்று விவசாயியிடம் சொன்னால் தலையாட்டுவார், டீ வாங்கிக் கொடுப்பார், மோட்டாரை மாற்ற மாட்டார். அவர் கையை விட்டுப் போகிற காசு வேறு: காயில் கட்டும் கூலி, போரிலிருந்து மோட்டாரைத் தூக்கி இறக்கும் வண்டி வாடகை, மோட்டார் புகைந்து நின்ற பத்து நாளில் காய்ந்த பயிர். உங்கள் திட்டம் அதைக் குறைக்கிறது என்று காட்ட முடிந்தால்தான் தோட்டத்துக்குள் விடுவார்.

இன்னொன்று, டாங் டெஸ்டர் போதாது. அது ஆம்பியர் மட்டும் சொல்லும். பவர் ஃபேக்டர், அதாவது இழுக்கிற மின்சாரத்தில் எத்தனை பங்கு உண்மையில் வேலை செய்கிறது என்பது, தெரியாமல் கிலோவாட் கிடைக்காது. மூன்று ஃபேஸுக்கும் கிலோவாட் காட்டுகிற பவர் கிளாம்ப் ஒன்று வாங்குங்கள். முதல் செலவு அதுதான்.

காப்பர்கம்பி:
தணிக்கை சார் சொல்றது சரிங்க. பம்ப் பக்கம் நான் சொல்றேன்.

மோட்டார் எரியறதுக்கு முக்காவாசி காரணம் மோட்டார்ல இல்லைங்க. ஒண்ணு, லோ வோல்டேஜ். 415 வர வேண்டிய எடத்துல 340, 350 வருது. அதே தண்ணியத் தூக்க மோட்டார் அதிக ஆம்பியர் இழுக்குது, காயில் சூடாகுது. ரெண்டாவது, ரெண்டு ஃபேஸ்ல ஓட்டறது. மூணு ஃபேஸ் வர்ற நேரம் போதலைன்னு கண்டன்சர் போட்டு ரெண்டு ஃபேஸ்ல ஓட்டறாங்க. ஒரு காயில்ல மட்டும் லோடு ஏறி அது முதல்ல போகும். பிரிச்சுப் பார்த்தா ஒண்ணு ரெண்டு ஃபேஸ் காயில் மட்டும் கருகி மிச்சம் பளபளன்னு இருந்தா காரணம் பெரும்பாலும் அதுதான். மூணாவது, போர்ல தண்ணி வத்தி வெறுமனே ஓடறது. தண்ணி நிரப்பின சப்மெர்சிபிள்ல மோட்டாரைக் குளிர வைக்கறதே வெளியில ஓடற தண்ணிதானுங்களே. நாலாவது, ஒரு ஃபேஸ் போனா மோட்டாரை நிறுத்தறதுக்குப் பேனல்ல போட்ட பிரிவென்டர். "அடிக்கடி ஆஃப் ஆகுது"ன்னு அதை நேரா ஒயர் கொடுத்து விட்டுருவாங்க. பாதுகாக்கறதுதான் முதல்ல கழட்டப்படுது.

காயில் கட்டறதுலயும் தப்பு நடக்குது. மோட்டாரும் பம்பும் ஒண்ணா இருக்கற கிணத்து மோனோபிளாக்ல பழைய காயிலை எடுக்க, காயில் சுத்தியிருக்கற இரும்புக்கூடான ஸ்டேட்டரை நெருப்புல போட்டு எரிக்கறாங்க. இரும்புத் தகடுகளுக்கு நடுவுல இருக்கற மெல்லிய பூச்சும் சேர்ந்து எரிஞ்சு போகும். அப்புறம் அந்தத் தகடே சூடாகும், லோடு இல்லாமலே கரண்டு தின்னும். ஒவ்வொரு எரிப்புக்கும் திறன் கொஞ்சம் கொஞ்சமா இறங்கும், நாலு தடவை எரிச்ச மோட்டாரைப் பத்திக் கேக்கவே வேண்டாம். சப்மெர்சிபிள்ல எரிக்கற வேலை இல்லை, ஆனா கம்பி கேஜ் குறைச்சோ சுத்து குறைச்சோ கட்டிருவாங்க. பட்டறையில ஒரு நோட்டு வைக்கச் சொல்லுங்க: கேஜ், சுத்து, ஒவ்வொரு ஃபேஸோட ரெசிஸ்டன்ஸ், லோடு இல்லாத ஆம்பியர். கட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை, கட்டின பின்னாடி ஒரு தடவை. லோடு இல்லாத ஆம்பியர் ஏறியிருந்தா சுத்து குறைஞ்சிருக்கு இல்லை தகடு கெட்டிருக்குன்னு அர்த்தம். உங்க காசுல பட்டறைக்காரங்களுக்கு ரெண்டு நாள் பயிற்சி வைங்க. 40 ஊர் மோட்டாரும் அஞ்சாறு பட்டறை வழியாத்தானே போகுது!

களப்பணி:
மிக்க நன்றிங்க அண்ணா. பம்பின் திறனை அளப்பது எப்படி என்று படிப்படியாக யாராவது சொல்ல முடியுமா? எங்கள் பையன்கள் டிப்ளமோ படித்தவர்கள்தான், புரிந்துகொள்வார்கள்.

தணிக்கை24:
மூன்று அளவு போதும்: தண்ணீர், உயரம், கிலோவாட்.

மோட்டாரைப் போட்டு 15 நிமிடம் ஓடவிடுங்கள். போரில் மட்டம் இறங்கி ஒரு இடத்தில் நிற்கும். அதற்கு முன் அளந்தால் நல்ல எண்ணாக வந்து ஏமாற்றும். பிறகு 200 லிட்டர் டிரம்மைக் குழாயடியில் வைத்து எத்தனை விநாடியில் நிரம்புகிறது என்று மூன்று முறை பாருங்கள். 80 விநாடி என்றால் விநாடிக்கு 2.5 லிட்டர். டிரம்மில் விளிம்புக்குக் கீழே ஒரு கோடு போட்டு, அந்தக் கோடு வரை உண்மையில் எத்தனை லிட்டர் என்று ஒருமுறை குடத்தால் ஊற்றிப் பார்த்துவிடுங்கள். 200 என்று விற்கிற டிரம் பல 210, 220 பிடிக்கும்.

உயரம் என்றால் ஓடும்போது உள்ள நீர்மட்டம், அதிலிருந்து விழும் குழாய் வரை, அத்துடன் குழாய் உரசல். திறந்த கிணற்றில் கயிறு போதும். போரில் காற்றுக் குழாய் முறை: மெல்லிய நைலான் குழாயை, சரியாக நீளம் அளந்து, பம்ப் குழாயோடு கட்டி இறக்குங்கள். மேலே ஒரு பிரஷர் கேஜ், ஒரு சைக்கிள் பம்ப். அடித்துக்கொண்டே இருந்தால் முள் ஏறி ஓரிடத்தில் நின்றுவிடும், மேலே அடிப்பது கீழே குமிழியாகப் போகும். 1 கிலோ என்றால் 10 மீட்டர் தண்ணீர். 130 மீட்டர் குழாய், முள் 2 கிலோவில் நிற்கிறது என்றால் குழாய் நுனிக்கு மேல் 20 மீட்டர் தண்ணீர் இருக்கிறது. ஆக மட்டம் 110 மீட்டரில். ஓடிக்கொண்டிருக்கிற போரில் இந்தக் குழாயைத் தனியாக இறக்கப் பார்க்காதீர்கள், பாதியில் சிக்கும். அடுத்த முறை மோட்டார் வெளியே வரும்போது கட்டிவிடுங்கள்.

கணக்கு: லிட்டர் பெருக்கல் மீட்டர் பெருக்கல் 9.81, அதை 1000ஆல் வகுத்தால் தண்ணீருக்குப் போன கிலோவாட். 2.5 லிட்டர், மொத்த உயரம் 120 மீட்டர் என்று வையுங்கள். 2.94 கிலோவாட். பவர் கிளாம்ப் 8.4 காட்டுகிறது என்றால் திறன் 35 விழுக்காடு. மிச்சம் 65 சூடாகவும் உரசலாகவும் போகிறது. அதே இடத்துக்குச் சரியாகத் தேர்ந்தெடுத்த செட் 45 கொடுத்தால் 6.5 கிலோவாட் போதும். வருடம் 1200 மணி நேரம் ஓடினால் 2200 யூனிட்டுக்கு மேல் வித்தியாசம்.

"சரியாகத் தேர்ந்தெடுத்த" என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ஸ்டார் முத்திரை ஒட்டிய பம்பையும் தப்பான உயரத்தில் ஓட்டினால் 30க்கு வந்துவிடும். கடையில் எச்.பி. சொல்லி வாங்குகிறார்கள். உயரமும் லிட்டரும் சொல்லி, எந்த உயரத்துக்கு எத்தனை லிட்டர் என்று காட்டும் கம்பெனி வளைகோட்டில் அந்தப் புள்ளி எங்கே விழுகிறது என்று பார்த்து வாங்க வேண்டும். சித்திரை மட்டத்துக்கும் கார்த்திகை மட்டத்துக்கும் 30, 40 மீட்டர் வித்தியாசம் இருக்கிற ஊரில் இரண்டு புள்ளியையும் குறித்துப் பாருங்கள்.

காப்பர்கம்பி:
ஒரு சேர்க்கைங்க. பிளேட்ல 5 எச்.பி.ன்னு போட்டு உள்ள 7.5க்குக் கட்டின மோட்டார் இந்தப் பக்கம் நிறைய. இணைப்பு 5க்குத்தான் வாங்கியிருப்பாங்க. கிளாம்ப் போட்டதும் குட்டு வெளியாகும். உங்க பசங்க அதை நோட்டுல எழுதலாம், ஆனா ஊர்ல வாயைத் திறக்கக் கூடாதுங்க. "ஈபிக்கு ஆள் அனுப்பியிருக்காங்க"ன்னு ஒரு பேச்சு கிளம்பினா அந்த ஊர் அதோட முடிஞ்சுது.

கடைசிக்கம்பம்:
மின்வாரியப் பக்கத்து ஆள் என்ற முறையில் ஒரு வார்த்தை தம்பி. தனித்தனி விவசாயியாகப் பிடிக்காதீர்கள், ஒரு டிரான்ஸ்பார்மரைப் பிடியுங்கள். காப்பர்கம்பி சொன்ன லோ வோல்டேஜை ஒருவர் மட்டும் நல்ல மோட்டார் போட்டு மாற்ற முடியாது. அந்த டிரான்ஸ்பார்மரில் இருக்கிற எல்லாரும் சேர்ந்தால் மாற்றலாம்.

கணக்கு சொல்கிறேன். 63 கேவிஏ டிரான்ஸ்பார்மர், 12 பம்ப், ஒவ்வொன்றும் 4.5 கிலோவாட், பவர் ஃபேக்டர் 0.75. மொத்தம் 54 கிலோவாட், ஆனால் அதை 0.75ஆல் வகுத்தால் டிரான்ஸ்பார்மர் மேல் ஏறுவது 72 கேவிஏ. அதாவது ஓவர்லோடு. ஒவ்வொரு மோட்டாருக்கும் பவர் ஃபேக்டரை உயர்த்தும் 2 கேவிஏஆர் கெப்பாசிட்டர் போட்டால் 59 கேவிஏவுக்கு வந்துவிடும். லைனில் 100 ஆம்பியர் ஓடிய இடத்தில் 82. கம்பி இழப்பு ஆம்பியரின் இருமடிக்கு ஏற்றபடி என்பதால் மூன்றில் ஒரு பங்கு போயே போச்சு. கடைசிக் கம்பத்து ஆளுக்கு வோல்டேஜ் ஏறும். ஒரு மோட்டாரைக்கூட மாற்றாமல் இது நடக்கும்.

5 எச்.பி.க்கு 2, 7.5க்கு 3, 10க்கு 4 கேவிஏஆர். ஸ்டார்டருக்கு அப்புறம், மோட்டார் பக்கம் கொடுக்க வேண்டும். மோட்டார் நின்றால் கெப்பாசிட்டரும் நிற்க வேண்டும். ஸ்டார்டருக்கு முன்னால் கொடுத்தால் ராத்திரி முழுக்க லைனில் தொங்கி வேறு தொந்தரவு.

ஏற்கெனவே மாட்டியிருப்பதில் பாதி செத்துக் கிடக்கும். பார்ப்பது சுலபம்: கெப்பாசிட்டர் ஒயரில் டாங் டெஸ்டர் போடுங்கள். 2 கேவிஏஆர் 415 வோல்டில் 2.8 ஆம்பியர் காட்ட வேண்டும். வோல்டேஜ் 360 இருந்தால் 2.4 தான் காட்டும், அது பழுது அல்ல. மூன்று ஒயரில் ஒன்று மட்டும் மிகக் குறைந்திருந்தாலோ, மொத்தமாகப் பாதிதான் இருந்தாலோ மாற்றுங்கள். கழற்றும்போது உடனே கையை வைக்காதீர்கள், மின்னேற்றம் நிற்கும். இரண்டு நிமிடம் விட்டு, முனைகளை ஷார்ட் செய்த பிறகு தொடுங்கள்.

அடுத்தது ஆட்டோ, அதாவது கரண்டு வந்ததும் மோட்டாரைத் தானே எடுக்கவைக்கிற பேனல். கரண்டு வந்ததும் 12 மோட்டாரும் ஒரே விநாடியில் எடுக்கும். வோல்டேஜ் தடாலென்று விழும், பாதி மோட்டார் உறுமிக்கொண்டு நிற்கும், பியூஸ் போகும். ஆட்டோ பேனலில் நேரத் தாமத ரிலே இருக்கும். முதல் பம்புக்கு 10 விநாடி, அடுத்ததற்கு 30, அதற்கடுத்ததற்கு 50 என்று ஆளுக்கொரு நேரம் வைத்துவிட்டால் போதும். செலவு கிட்டத்தட்ட இல்லை. ஒரு சாயங்காலம் எல்லாரையும் மரத்தடியில் உட்காரவைத்து நேரத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டும். அங்கேதான் உங்களைப் போன்ற நிறுவனம் தேவை. லைன்மேன் சொன்னால் "நான் ஏன் கடைசி?" என்பார்கள்.

களப்பணி:
ஐயா, இது எங்கள் யோசனையிலேயே இல்லை. டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் முன்-பின் அளப்பதற்கு அனுமதி வேண்டுமே?

கடைசிக்கம்பம்:
நிச்சயம் வேண்டும். உதவி செயற்பொறியாளருக்கு எழுத்தில் கொடுங்கள், அளவை அவர்கள் ஆள் முன்னிலையில் எடுங்கள். உங்கள் ஆள் கம்பத்தில் ஏறவே கூடாது, பெட்டியைத் திறக்கவும் கூடாது. வெயில் காலத்தில் ஒரு வாரம், செய்து முடித்த பிறகு அதே அளவு பம்ப் ஓடுகிற ஒரு வாரம். மழை பெய்த வாரத்தை எடுத்துவிட்டு "குறைந்தது" என்று எழுதாதீர்கள்.

நுகர்வோர்_பக்கம்:
பம்ப் பற்றி எல்லோரும் விவசாயியிடமே நிற்கிறீர்கள். ஊரில் பம்பு ஓட்டிக் காசும் கட்டுகிற ஒருவர் இருக்கிறார்: ஊராட்சி. மேல்நிலைத் தொட்டி பம்பு, தெருவிளக்கு இரண்டுக்கும் மீட்டர் உண்டு, பில் உண்டு. தணிக்கை சாரின் கேள்விக்கு இதுதான் நேரான பதில்.

இங்கே பவர் கிளாம்ப்கூட வேண்டாம். மீட்டர் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று அச்சடித்திருக்கும். 800 என்று வைத்துக்கொள்ளுங்கள். பம்பு மட்டும் ஓடும்போது சிவப்பு விளக்கு ஒரு நிமிடத்தில் எத்தனை முறை சிமிட்டுகிறது என்று எண்ணுங்கள். 112 என்றால், 112ஐ 60ஆல் பெருக்கி 800ஆல் வகுக்க 8.4 கிலோவாட். எண்ணும்போது தடுமாறும், செல்போனில் வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டிப் பாருங்கள். மீட்டருக்கு முன்னால் சி.டி. எனும் மின்னோட்ட மாற்றி வைத்து அளக்கிற பெரிய இணைப்பு என்றால் பெருக்கும் எண் தனியாக இருக்கும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

30,000 லிட்டர் தொட்டி விநாடிக்கு 2.5 லிட்டர் வீதம் நிரம்ப 3 மணி 20 நிமிடம். 8.4 கிலோவாட் என்றால் 28 யூனிட், ஆயிரம் லிட்டருக்கு 0.93 யூனிட். இந்த ஒரே எண்ணைப் பம்பு ரூம் சுவரில் சாக்பீஸால் மாதாமாதம் எழுதச் சொல்லுங்கள். ஏறிக்கொண்டே போனால் உள்ளே ஏதோ தேய்கிறது. 3 மணி 20 நிமிடத்தில் நிரம்ப வேண்டியது 5 மணி நேரம் ஓடுகிறது என்றால் முதலில் பம்பைச் சந்தேகிக்காதீர்கள். ராத்திரி எல்லா வால்வையும் மூடிவிட்டு மட்டத்தைக் குறித்து, காலையில் மறுபடி பாருங்கள். இறங்கியிருந்தால் வால்வு உட்காரவில்லை அல்லது குழாய் ஒழுகுகிறது. புது மோட்டார் போட்டு ஒழுகலை வேகமாக நிரப்புவதில் என்ன பிரயோஜனம்?

மிதவை சுவிட்ச் ஒன்று போட்டால் வழிவது நிற்கும். ஆனால் டேங்க் ஆபரேட்டரைக் கலந்துகொள்ளாமல் போட்டால் ஒரே வாரத்தில் ஒயர் அறுந்து கிடக்கும், "வேலை போய்விடும்" என்ற பயம். அவர் கையிலேயே நோட்டைக் கொடுங்கள்.

மாடிவெயில்:
ஓடந்துறை ஊராட்சி 2006லேயே 350 கிலோவாட் காற்றாலை வாங்கியதே! மேட்டுப்பாளையம் பக்கத்து ஊர் செய்ததை இங்கே ஏன் யோசிக்கக் கூடாது? 40 ஊர் சேர்ந்தால் முடியாதா?

தணிக்கை24:
ஓடந்துறை நல்ல உதாரணம்தான், ஆனால் காற்றாலையிலிருந்து ஆரம்பிக்கவில்லை. அதற்கு முன்பே குடிநீர் பம்புக்கு விறகு வாயு இயந்திரம், சோலார் தெருவிளக்கு என்று சின்ன வேலைகள் நடந்தன. பில்லைப் படிக்கத் தெரிந்த ஊராட்சி அது. காற்றாலைக்கும் பெரும்பகுதி வங்கிக் கடன். அந்தக் கடனைக் கட்டுகிற அளவுக்கு நிர்வாகம் தொடர்ச்சியாக நின்றது. மூன்று வருட நிதியில் இருக்கிறவர்கள் முதலில் ஆயிரம் லிட்டருக்கு எத்தனை யூனிட் என்ற எண்ணை வரவழைக்கட்டும்.

நுகர்வோர்_பக்கம்:
ஃபேன் பற்றி யாரும் சொல்லவில்லை. 1200 மி.மீ. சீலிங் ஃபேனுக்கு 2023 ஜனவரி முதல் ஸ்டார் முத்திரை கட்டாயம். பார்க்க வேண்டியது சர்வீஸ் வேல்யூ: நிமிடத்துக்கு எத்தனை கன மீட்டர் காற்று என்பதை வாட்டால் வகுத்தது. 210 கன மீட்டரை 35 வாட்டில் தந்தால் 6. பழைய ஃபேன் 75 வாட், பிஎல்டிசி 30 என்றால் 45 வாட் மிச்சம். தினம் 14 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு ஒரு ஃபேனுக்கு 38 யூனிட்.

இதை எந்த வீட்டுக்குக் கொடுக்கிறோம் என்பதுதான் கேள்வி. 90 யூனிட் ஓடுகிற வீட்டுக்குக் கொடுத்தால் அந்த வீட்டுக்கு மிச்சம் பூஜ்ஜியம் ரூபாய், அவர்கள் பில்தான் ஏற்கெனவே இலவசமாயிற்றே. 560 யூனிட் ஓடுகிற வீட்டில் இரண்டு ஃபேன் மாற்றினால் 500க்குக் கீழே வந்துவிடும். 2022 செப்டம்பர் கட்டண அமைப்பில் 500ஐத் தாண்டினால் மேலே உள்ள யூனிட்டுக்கு விலை ஏறுவதோடு, 101 முதல் 200 வரைக்கான குறைந்த விலையும் போய்விடுகிறது. அதனால் 480 முதல் 620 வரை ஓடுகிற வீடுகள்தான் உங்கள் பட்டியல். அட்டையை வாங்கி ஆறு பில் பாருங்கள், ஒரு பில்லை வைத்து முடிவு செய்யாதீர்கள். சித்திரை, வைகாசியில் எல்லா வீடும் ஏறும்.

இலவசமாகவும் கொடுக்காதீர்கள். மொத்த விலைக்கு வாங்கி, மூன்று தவணையில் வசூலியுங்கள்.

காப்பர்கம்பி:
பிஎல்டிசி ஃபேன்ல பழைய ரெகுலேட்டரை அப்படியே விட்டு மாட்டறாங்கங்க, பெரிய தப்பு. ரெகுலேட்டரை எடுத்துட்டு நேர் லைன் கொடுக்கணும். இல்லைன்னா உள்ள இருக்கற போர்டு சீக்கிரம் போகும். கிராமத்துல நியூட்ரல் அறுந்து 400 வோல்டு வீட்டுக்குள்ள வர்றதும் உண்டு, அப்ப எல்லா போர்டும் ஒரே நாள்ல காலி. மொத்தமா வாங்கறப்ப நூத்துக்கு அஞ்சு போர்டு உபரியா வாங்கி வைங்க. உள்ளூர் ஆள் ஒருத்தருக்கு போர்டு மாத்தக் கத்துக்கொடுங்க.

பழைய ஃபேன் மெதுவா சுத்துதுன்னு வர்றவங்களுக்கு முதல்ல கண்டன்சரைப் பாருங்க. 2.5 மைக்ரோஃபேரட் இருக்க வேண்டியது 1.5க்கு எறங்கியிருக்கும். சில பத்து ரூபாய் சாமான். காசு இல்லாத வீட்டுக்கு அதுவே பெரிய உதவிங்க.

மாடிவெயில்:
சோலாருக்கு வருகிறேன். பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் மானியம் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2க்கு 60,000, 3க்கும் அதற்கு மேலும் 78,000. இந்தப் பகுதியில் ஒரு கிலோவாட் சராசரியாக நாளைக்கு 4 யூனிட், இரண்டு மாதத்துக்கு 240. 500 யூனிட் வீட்டுக்கு 2 கிலோவாட் போதும். மூன்றாவது கிலோவாட்டுக்கு மானியம் 18,000 தான். அதை விற்பனையாளர் விற்கப் பார்ப்பார், நீங்கள் பில்லைப் பார்த்துச் சொல்லுங்கள். 200 யூனிட் வீட்டுக்கு வேண்டவே வேண்டாம்.

விண்ணப்பம் சிக்குவது எங்கே தெரியுமா? பெயரில். இணைப்பு இறந்துபோன தாத்தா பெயரில் இருக்கும், மாடி அப்பா பெயரில், வங்கிக் கணக்கு மகன் பெயரில். மானியம் பேனல் ஓடத் தொடங்கி, ஆய்வு முடிந்த பிறகுதான் கணக்குக்கு வரும். பெயர் ஒத்துப்போகாவிட்டால் அங்கே நிற்கும். முதலில் பெயர் மாற்றம், பிறகு விண்ணப்பம். 10 கிலோவாட் வரை தொழில்நுட்ப ஆய்வு இல்லாமலே ஏற்கப்பட்டதாகக் கருத வேண்டும், அதற்கேற்ற சுமை உயர்வையும் வாரியமே செய்துதர வேண்டும் என்று 2024 விதித் திருத்தம் சொல்கிறது. யாராவது இழுத்தடித்தால் இதைக் காட்டுங்கள்.

கொட்டேஷனில் பார்க்க வேண்டியவை: பேனலும் செல்லும் உள்நாட்டில் செய்தவையா (இல்லை என்றால் மானியம் கிடையாது, ஒவ்வொரு பேனல் சீரியல் எண்ணையும் சரிபாருங்கள்), தாங்கி சூடான துத்தநாகத்தில் முக்கி எடுத்ததா அல்லது வெறும் வெள்ளிப் பெயின்டா, டிசி பக்கம், ஏசி பக்கம், இடிதாங்கி என்று எர்த் மூன்றா. பேனல் வயரைச் சேர்க்கும் எம்.சி.4 பின் இரண்டு பக்கமும் ஒரே கம்பெனியாக இருக்க வேண்டும். வேறு வேறு கம்பெனிப் பின் உள்ளே போகும், "கிளிக்" என்றும் சொல்லும், ஆனால் உலோகம் சரியாகத் தொடாது. இரண்டு கோடைக்குள் பின் உருகிக் கருத்திருக்கும். மாடியில் தீப்பிடிப்பது பெரும்பாலும் அந்த விரல் நீளத்து இடத்தில்தான்.

பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் துளை போட்டு ஆங்கர் இறக்கவே கூடாது. செங்கல் நொறுங்கும், ஒழுகும். சுவர் மேல் பீம் போட்டு நிறுத்த வேண்டும். தண்ணீர்த் தொட்டி நிழல் காலை 9 மணிக்கும் மாலை 3 மணிக்கும் எங்கே விழுகிறது என்று மாடியில் நின்று பாருங்கள். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து நிழல் நீளும். சாய்வு 10 டிகிரிக்குக் குறையக் கூடாது, தட்டையாகப் போட்டால் தூசி கீழ் ஓரத்தில் தங்கும். போர்த் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்டால் உப்புப் படிவு நிற்கும். விடியலில் கழுவித் துடைத்துவிடச் சொல்லுங்கள்.

கரண்டு போனால் சோலாரும் நிற்கும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். லைனில் வேலை செய்கிற ஆளைக் காப்பாற்ற இன்வெர்ட்டர் தானே நிறுத்திக்கொள்கிறது. இதைச் சொல்லாமல் விற்றால் முதல் மின்தடையிலேயே "ஏமாத்திட்டாங்க" என்று ஊர் முழுக்கப் பரவும்.

களப்பணி:
ரொம்பப் பயன். ஒரு தர்மசங்கடம்: சில சோலார் விற்பனையாளர்கள் வீட்டுக்கு இவ்வளவு என்று எங்களுக்குத் தருவதாகச் சொல்கிறார்கள். நிதி முடிந்த பிறகு பையன்கள் சம்பளத்துக்கு உதவும் என்று கமிட்டியில் ஒரு கருத்து.

நுகர்வோர்_பக்கம்:
வாங்காதீர்கள். "2 கிலோவாட் போதும், உங்களுக்கு வேண்டாம்" என்று சொல்லும் இடத்தில் நிற்பதுதான் உங்கள் ஒரே பலம். கமிஷன் வாங்கிய அன்றே 3 என்று சொல்லத் தோன்றும்.

மாடிவெயில்:
அவ்வளவு கறாராக வேண்டாமே. சம்பளமே இல்லாமல் ஆட்கள் கிளம்பிவிட்டால் வழிகாட்டல் எங்கே? விற்பனையாளரிடம் வேண்டாம், வீட்டுக்காரரிடமே ஆய்வுக் கட்டணம் வாங்குங்கள். மாடி பார்க்க, மூன்று கொட்டேஷனை ஒப்பிட, வேலை முடிந்ததும் சரிபார்க்க எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தொகை. "போட வேண்டாம்" என்று சொன்னாலும் அதே தொகை. ரசீது கொடுங்கள்.

நுகர்வோர்_பக்கம்:
அது சரி. அதை ஏற்கிறேன்.

களப்பணி:
கமிட்டிக்கு எழுதிய திருத்தம்: எல்இடி இல்லை. முதல் ஆறு மாதம் பத்து ஊராட்சிகளில் தொட்டி பம்பு அளவு மட்டும். இரண்டு டிரான்ஸ்பார்மர், கெப்பாசிட்டர், ஆட்டோ தாமதம். பட்டறைப் பயிற்சி. 480 முதல் 620 யூனிட் வீடுகளுக்கு ஃபேன், தவணையில். சோலார் ஆய்வு கட்டணத்தோடு. பம்ப் மாற்றுவது இரண்டாம் வருடம், அளந்ததில் 30 விழுக்காட்டுக்குக் கீழே வந்தவை மட்டும். விட்டுப்போனது உண்டா?

தணிக்கை24:
இரண்டு. பம்ப் மாற்றும்போது அதே லிட்டருக்குக் குறைந்த எச்.பி. கொடுங்கள், அதே எச்.பி.க்கு அதிக லிட்டர் அல்ல. கரண்டு இலவசம், திறன் கூடினால் அதிகத் தண்ணீர் வரும், இரண்டு வருடத்தில் மட்டம் இன்னும் 20 மீட்டர் கீழே போகும், நீங்கள் மிச்சப்படுத்தியது அங்கே போய்விடும். சொட்டுநீர் போட ஒப்புக்கொள்கிறவருக்கு முன்னுரிமை கொடுங்கள். இணைப்பே இல்லாமல் டீசல் எஞ்சின் ஓட்டுகிறவருக்கு வேளாண் பொறியியல் துறை வழியாக சோலார் பம்ப் மானியம் 60 விழுக்காடு உண்டு, ஆதிதிராவிடர், பழங்குடி சிறு குறு விவசாயிக்கு 70. அந்த விண்ணப்பத்துக்கு உதவுவது உங்கள் நிதியில் ஒரு பைசா எடுக்காத வேலை.

இரண்டாவதைக் காப்பர்கம்பி சொல்லட்டும், பழைய மோட்டார்.

காப்பர்கம்பி:
ஆமாங்க. கழட்டின மோட்டாரை விவசாயிகிட்டயே விட்டீங்கன்னா அடுத்த வாரம் மச்சான் தோட்டத்துக் கிணத்துல ஓடும். பழைய இரும்புக் கடைக்குப் போனாலும் காயில் கட்டி இன்னொரு ஊருக்கு வித்துருவாங்க. புது செட்டுக்குப் பணம் கொடுக்கறப்பவே பழையதை வாங்கிக்குவோம்னு எழுதி வாங்குங்க. எடை போட்டு செம்புக்கும் இரும்புக்கும் அன்னைக்கு விலையை அவர் கையில கொடுத்துருங்க, அப்பத்தான் மனசு வரும். அப்புறம் பம்ப் பக்கத்து இம்பெல்லர்களை உடைச்சு, ஸ்டேட்டர் தகட்டைக் கட்டர் போட்டு ரெண்டாக் கீறி, போட்டோ எடுத்து சீரியல் எண்ணோட நோட்டுல ஒட்டுங்க. கீறாத ஸ்டேட்டரை நம்பவே நம்பாதீங்க.